காய்ந்த பிளக்

பதினேழாவது தடவை கயிற்றை இழுத்தபோது
தோள்பட்டை கேட்டது, போதுமா என்று.
எஞ்சின் எதுவும் கேட்கவில்லை.
தொண்டையில் ஒரு செருமல், அவ்வளவுதான்.

சடையங்குப்பம். விடிந்து ஒரு மணி நேரம்.
மணலிப் பக்கம், உயரக் குழாயின் நுனியில்
ராத்திரியெல்லாம் எரிந்த தீ
இப்போதும் எரிகிறது,
யாரும் கயிறு இழுக்காமல்.
மழை இறங்குவதற்குள்
எட்டுப் பாத்தி கிளறியாக வேண்டும் எனக்கு.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரைக்கீரை விதை.

பழைய வண்டி.
உரக் கம்பெனி குவார்ட்டர்ஸில்
ரோஜாவுக்கு மண் கொத்திக்கொண்டிருந்தது.
ஏலத்தில் என்னிடம் வந்து கீரைக்கு இறங்கியது.
எந்த ஊர்ச் சரக்கு, என்ன வயசு, தெரியாது.
தகட்டில் மிச்சம்: ஏழு, நாலு, அப்புறம் துரு.

காசிமேட்டு யோனாவுக்கு போன் போட்டேன்.
படகு எஞ்சின் பார்க்கிறவன்.
"போன அதாண்ட வெச்சி இழுக்கா" என்றான்.
இழுத்தேன்.
அந்தப் பக்கம் வஞ்சிரத்துக்கு ஏலம் கூவினார்கள்,
ஐஸ் உடைந்தது, காக்கா.
"இன்னொருக்கா."
இழுத்தேன்.
"பிளக்க கழட்டிப் பாரு.
ஈரமா கீதுன்னா ஒரு நோவு,
காஞ்சிருந்தா வேற நோவு.
எனக்கு இங்க போட் நிக்குது, வெக்கறேன்."

கழற்றினேன்.
வெயிலை முதுகால் மறைத்து
பிளக்கை எஞ்சின் விலாவில் சாய்த்துச் சுண்டினால்
நீலமாய் ஒரு சிமிட்டல்.
பொறி இருக்கிறது. ஆனால் பிளக்
காய்ந்து கிடந்தது,
சண்டை போட்டு மூணு நாள் பேசாத வாய் மாதிரி.

பெட்ரோல் காலையில்தான் நிரப்பினேன், கழுத்து வரை.
ட்யூபை உருவிப் பார்த்தேன்.
நாலு சொட்டு.
ஐந்தாவது விளிம்பில் நின்று
விழலாமா என்று யோசித்து
விழவே இல்லை.
ட்யூபில் வாய் வைத்து உறிஞ்சி, காறித் துப்பினேன்.
வரப்பில் நின்ற கொக்கு ஓரடி தள்ளி நின்றது.
வடிகட்டியைக் கழுவினேன். ஒரே ஒரு எறும்பு,
அது தன் சொந்தக் காரணத்தால் செத்தது.

அப்புறம்தான் உறைத்தது.
இன்றும் இரண்டு நிமிடம் ஓடிவிட்டுத்தானே நின்றது?
நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும்.
நின்றதும் பெட்ரோல் தீர்ந்ததோ என்று
திறந்து பார்த்து மூடுவேன், ஓடும், நிற்கும்.
இதையெல்லாம் யோனாவிடம் சொல்லவில்லை.
சொல்லத் தோன்றவில்லை.

மூடியைத் திருகினேன்.
உஸ்...
டேங்க் உள்ளுக்கு மூச்சு இழுத்தது,
அதே நொடி ட்யூபிலிருந்து பெட்ரோல் கொட்டி
என் கால்விரல் சில்லிட்டது.

மூடியின் நடுவில்
ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்க வேண்டும்.
அந்த இடத்தில் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.
ஆயுத பூஜையன்று நான் வைத்தது,
கல்லாய் இறுகியிருந்தது.
உச்சந்தலை என்று நினைத்து வைத்தேன்.
மூக்காக இருந்திருக்கிறது.

வளையலில் கோத்த ஊக்கை எடுத்து
கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தேன்.
மஞ்சள் பொடி, சிவப்புப் பொடி, நகக்கண்ணில் வாசனை.
வாயால் ஊதவும் ஊதினேன்,
சாமிக்கு வைத்ததை எச்சில் படுத்தக்கூடாதுதான்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
கொக்கு பறந்தே போனது.
இரண்டு நிமிடம் எண்ணினேன்.
ஐந்து எண்ணினேன்.
எண்ணுவதை விட்டேன்.

பத்து மணிக்கு யோனா கூப்பிட்டான்.
"இன்னாக்கா நோவு?"
"தூசி."
"எங்க?"
ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.
சொன்னால் சிரிப்பான்.
சிரிக்கட்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம்.
"கார்ப்ரேட்டர்ல" என்றேன்.
"நான் சொல்லல?" என்றான்.
அவன் சொல்லவில்லை.

ஆறு பாத்தி முடிந்தபோது மழை வந்துவிட்டது.
டேங்க் மூடிமேல் பால் கவரைக் கவிழ்த்தேன்,
பதறி எடுத்தேன்.
ஏழாவது பாத்தி முழுக்க
ஒரு கை கைப்பிடியில்,
ஒரு கை மூடிக்கு மேலே கூரையாக,
தொடாமல்.